நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?

இலங்கையின் வடக்கே வன்னியில் போனும் கையுமாக இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. முன்பின் தெரியாத ஒருவர் ரொறன்ரோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பேஸ்புக்கில் ஏதோ எழுதுகிறார். வற் என்கிற பெறுமதி சேர் வரி பற்றி இருக்கலாம், ஐ.நா. பற்றி இருக்கலாம், களைநாசினியால் கிட்னி பழுதாகிறது என்ற செய்தியாகவும் இருக்கலாம். கீழே நாலைந்து பேர் மாறிமாறி எழுதுவார்கள். பிறகு பரந்தனிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒருவர் வந்து, "அண்ணை, நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்பார். அப்ப என்றால் போர் நடந்த நேரம். அதோடு கதை முடியும், அல்லது தூஷணத்தில் போய் நிற்கும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் வாயடைப்பாகத் தெரியும். அப்படி இல்லை. 2009இன் தொடக்கத்தில், போர் நடந்த பகுதிக்குள் ஏறத்தாழ 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை வைத்தே உள்ளே அனுப்பும் உணவும் மருந்தும் அளக்கப்பட்டன. கடைசியில் உயிரோடு வெளியே வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 280,000க்கு மேல். பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்பதுதான் அந்தக் காலத்து அதிகாரபூர்வப் பேச்சு. பங்கருக்குள் இருந்து கொண்டே, பங்கருக்குள் எவரும் இல்லை என்று வானொலியில் கேட்டவர்கள் இந்த மக்கள். அதற்குப் பிறகு "நான் கண்டனான்" என்பதைவிடப் பெரிய சான்று அவர்களுக்கு எப்படி இருக்க முடியும்?

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அதே சான்றை எடுத்துக்கொண்டு எல்லாச் சண்டைக்கும் போகும்போதுதான். கண்ணால் கண்டது சில கேள்விகளுக்கு முழுச் சாட்சி. சிலவற்றுக்குப் பாதிச் சாட்சி. சிலவற்றில் கண்ணுக்கு ஒன்றுமே படுவதில்லை; வரி அப்படிப்பட்டது.

2023இல் சம்பள வரி கூடியபோது வைத்தியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் எடுப்பவருக்கு 6 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம்வரை வரி ஏறியது. (2025 ஏப்ரலில் அந்த எல்லை 150,000 ஆனது.) அந்த நாட்களில் எங்கு பார்த்தாலும் ஒரே வாக்குவாதம். "நாங்கள்தான் வரி கட்டுறம், மற்றவை சும்மா இருந்து அனுபவிக்கினம்" என்பார் ஒருவர். "எடுக்கிற சம்பளத்துக்குக் கட்டுங்கோவன், ஏழையிட்டையா கேக்கிறது" என்பார் மற்றவர். கவனித்துப் பாருங்கள், இரண்டு பேருமே ஏழை வரி கட்டுவதில்லை என்றுதான் நினைக்கிறார்கள்.

பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. முல்லைத்தீவுப் பக்கத்துச் சின்னப் பலசரக்குக் கடையில் சவர்க்காரமோ பற்பசையோ வாங்கினால் துண்டில் வற் என்று ஒன்றும் எழுதியிருக்காது. ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாவைத் தாண்டுபவர்தான் வற்றுக்குப் பதிய வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. நம் கடைக்காரர் அந்தப் பக்கமே போகமாட்டார். ஆனால் சவர்க்காரம் செய்த கம்பனி பதிந்திருக்கிறது, அதை ஏற்றிவந்து விற்ற மொத்த வியாபாரியும் பதிந்திருக்கிறார். அவர்கள் கட்டிய வரி விலைக்குள் கரைந்துதான் கடைத் தட்டுக்கு வருகிறது.

ஒரு கணக்குப் போடலாம். மாதம் 60,000 ரூபா உழைக்கும் கூலித் தொழிலாளி ஒருவர், அதில் 30,000 ரூபாவை வற் சேர்ந்த பொருட்களுக்குச் செலவழிக்கிறார் என்று வையுங்கள். (அரிசி, பாண், மரக்கறி போன்றவற்றுக்கு வற் இல்லை; அதைக் கழித்துத்தான் சொல்கிறேன்.) வரி முழுவதும் விலையில் ஏறியிருந்தால் அந்த 30,000க்குள் ஏறத்தாழ 4,576 ரூபா வற். அவருடைய வருமானத்தில் 7.6 சதவீதம். மாதம் 300,000 ரூபா எடுக்கும் ஒருவர் அவரைவிட இரண்டு மடங்கு, 60,000 ரூபாவுக்கு அதே மாதிரியான பொருள் வாங்கினால் உள்ளே இருக்கும் வற் 9,153 ரூபா. வருமானத்தில் 3 சதவீதம். 2025இன் விகிதப்படி அவருக்கு மாதச் சம்பள வரி 18,500 ரூபா, அதாவது 6.2 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 9.2. ஒருவர் ஐந்து மடங்கு கூட உழைக்கிறார். வரியின் பாரத்தில் வித்தியாசம் ஒன்றரைப் புள்ளி சொச்சம். இதில் சம்பளக்காரர் தன் 18,500ஐ மாதாமாதம் சம்பளச் சிட்டையில் பார்க்கிறார், கோபப்படுகிறார், சங்கம் கூட்டுகிறார். கூலித் தொழிலாளி தன் 4,576ஐ வாழ்நாளில் ஒருநாளும் காண்பதில்லை.

வன்னியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் வேறொரு வழியிலும் தெரியும். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலை திறந்த பிறகு, அதிலிருந்த தங்கள் சோதனைச் சாவடிகளில் விடுதலைப் புலிகள் பொருட்களுக்கு வரி எடுத்தார்கள். கொழும்பில் வாங்கிய பொருளின் விலைக்குள் ஏற்கனவே கொழும்பின் வரி இருந்தது. ஆக ஒரே மூட்டைக்கு இரண்டு வரி. சோதனைச் சாவடியில் கட்டியது எவ்வளவு என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லக்கூடிய வியாபாரிகள் இருக்கிறார்கள். மற்ற வரியைக் கேட்டால் "அதென்ன?" என்பார்கள். அந்த வரி நியாயமா, அநியாயமா என்பது இன்றைக்கும் கொதிக்கும் சண்டை. அதை இங்கே தீர்க்க முடியாது. பாதையில் நிறுத்தி வாங்கும் வரி நினைவில் நிற்கிறது, விலையில் கரைந்த வரி நிற்பதில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது. (ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் என்ற வன்னிச் சிற்றரசர்கள் யானையைத் திறையாகக் கட்டினார்கள், அடிக்கடி பாக்கியும் வைத்தார்கள். யானையை விலைக்குள் ஒளித்து வாங்க ஒல்லாந்தரால் முடியவில்லை.)

ஏன் வற்றையே கூட்டினார்கள் என்றால், அதுதான் சுறுக்காகக் காசு வரும் வழி. 2022இல் நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே விழுந்திருந்தது. உலகிலேயே மிகக் குறைந்த மட்டங்களில் ஒன்று. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தாயிற்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் தர ஒப்புக்கொண்டபோது வருமானத்தைக் கூட்டுவதுதான் முதல் நிபந்தனைகளில் ஒன்று. பணக்காரரின் சொத்தையும் வருமானத்தையும் தேடிப் பிடிக்க ஆட்களும் பதிவேடுகளும் காலமும் வேண்டும். வற்றுக்கு ஒரு வர்த்தமானி, அதாவது அரச இதழில் ஒரு அறிவித்தல், போதும்.

2024இல் 18 வயது தாண்டிய எல்லோரும் வரி அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டிவரும் என்று வாட்ஸ்அப் முழுக்கக் கதை ஓடியது. இலக்கம் வேறு, வரி வேறு. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி. இப்போது யூடியூப் செய்யும் தம்பிமார், வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பக்கம் அந்தச் சண்டை போயிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 15 சதவீதம். அதுவும் மாதம் 150,000 என்ற அதே எல்லைக்கு மேலேதான்.

கையில் கனக்கிறது, ஆனால் எதனால் கனக்கிறது என்று தெரியவில்லை என்பதற்கு மண்ணெண்ணெய் இன்னொரு உதாரணம். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் சின்னப் படகு ஓட்டுபவர்களுக்கு அது இடி. "வரியை ஏத்திப்போட்டாங்கள்" என்றுதான் பலர் எழுதினார்கள். உண்மையில் ஏறியது வரி இல்லை. அதுவரை அரசாங்கம் நட்டத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது, அந்த மானியத்தை எடுத்துவிட்டது. பாரம் ஒன்றுதானே, பெயரில் என்ன என்று கேட்கலாம். மருந்து மாறிவிடும். வரியைக் குறை என்று கத்தினால் மண்ணெண்ணெய் இறங்காது. மீனவருக்கு மானியம் கொடு என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, அப்படியானால் அனுபவத்துக்கு மதிப்பில்லையா? இருக்கிறது. அதற்கு வயலுக்குப் போக வேண்டும்.

2021 மே 6இல் இரசாயன உரங்களின் இறக்குமதியைத் தடுத்து வர்த்தமானி வந்தது. இயற்கை விவசாயமே விஞ்ஞானம், உரம் என்பது பழக்கதோஷம் என்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்த பலர் எழுதினார்கள். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள் ஒரே ஒரு வரியில் பதில் சொன்னார்கள்: யூரியா இல்லாட்டி விளையாது. "படிக்காத கமக்காரருக்குப் பூச்சிமருந்துக் கம்பனி சொல்லிக் கொடுத்திருக்கு" என்ற பரிகாசம்தான் திரும்பி வந்தது. நவம்பரில் தடை நீங்கியபோது மழைக்காலப் பெரும்போகமான காலபோகத்துக்குக் காலம் பிந்திவிட்டது. நாடு முழுக்க நெல் விளைச்சல் விழுந்தது. அடுத்த ஆண்டு 50 கிலோ யூரியாப் பை வெளிச்சந்தையில் 40,000 ரூபாவரை போனது.

கமக்காரர் சொன்னது சரி. ஏன் சரி என்பது முக்கியம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு பையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு சதவீதம். அதே 23 கிலோவைக் கூட்டெருவிலிருந்து எடுக்க ஒன்றரைத் தொன் எரு வேண்டும். அதிலும் எல்லாம் அந்தப் போகத்துக்கே பயிருக்குக் கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் இறங்கும். கமக்காரருக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கமநல நிலையத்தில் உரம் பிந்திய ஒவ்வொரு போகத்திலும் அவர் கண்டிருக்கிறார்: முதலில் அடி இலை மஞ்சளாகும், மட்டம் (பக்கத் தண்டு) வெடிப்பது குறையும், யூரியா போட்டால் ஒன்றிரண்டு கிழமையில் நிறம் திரும்பும். அதே வயல், அதே நெல், செய்ததன் பலன் அந்தப் போகத்திலேயே கண்முன். முப்பது போகம் அப்படிப் பார்த்தவரின் அனுபவம் ஒரு பரிசோதனைக்குச் சமம். அதை மூடநம்பிக்கை என்றவர்கள்தான் விஞ்ஞானத்தைக் கைவிட்டவர்கள்.

அதே கமக்காரர் சிறுநீரக நோயைப் பற்றிச் சொல்லும்போது நிலைமை மாறுகிறது.

நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கு மெல்ல மெல்லச் சிறுநீரகம் செயலிழக்கும் இந்த நோயை 1990களில் வடமத்திய மாகாணத்தில்தான் முதலில் கவனித்தார்கள். பிறகு வவுனியா உட்பட உலர்வலய மாவட்டங்கள் பட்டியலில் சேர்ந்தன. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வயல் வேலை செய்பவர்கள். எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இதைப் போலவே ஒரு நோய் இருக்கிறது. காரணமாகச் சொல்லப்பட்டவை நிறைய: கிணற்று நீரின் வன்மையும் (கல்சியம், மக்னீசியம் கூடிய தன்மை) புளோரைட்டும், கட்மியம், ஆசனிக், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைப்பது, பரம்பரை. இன்றுவரை ஒன்றும் தனிக் குற்றவாளியாக நிரூபிக்கப்படவில்லை. 2014இல் கிளைபோசேட் என்ற களைநாசினி வன்னீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்று இலங்கை ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது ஒரு கருதுகோள்; இப்படி இருக்கக்கூடும் என்ற முன்வைப்பு. செய்தியாக வந்தபோது "கண்டுபிடிப்பு" ஆகிவிட்டது. 2015இல் தடை. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தளர்வு. 2022இல் தடையே நீங்கியது.

இதற்கிடையில் 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபோசேட்டை "மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் போட்டது. புற்றுநோய் பற்றிய அந்த முடிவைத்தான் இன்றைக்கும் சிறுநீரகச் சண்டையில் தூக்கி வந்து போடுகிறார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அதே முகவரகம் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியையும் அதே 2ஏ பிரிவில்தான் போட்டது. இதைச் சொன்னால் "அப்ப இறைச்சியும் விஷமோ?" என்று கேட்பார்கள். அந்தப் பிரிவு ஒரு பொருளால் கேடு வரக்கூடுமா என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்று சொல்கிறது. எவ்வளவு தின்றால், எவ்வளவு பட்டால், எத்தனை பேருக்கு வரும் என்று சொல்வதில்லை. பாம்பு விஷமுள்ளதா என்பதும், பாம்பு கடித்ததா என்பதும் இரண்டு கேள்விகள்.

வவுனியா, செட்டிகுளத்துக் கமக்காரர் ஒருவர் எழுதலாம்: "என்ரை ஐயா இருபது வருசம் மருந்து அடிச்சவர், கிட்னி போச்சு. உங்களுக்கு என்ன தெரியும்?" அவர் கண்டது உண்மை. ஆனால் அந்த ஐயா இருபது வருடம் அதே வன்னீர்க் கிணற்றுத் தண்ணீரையும் குடித்தவர், உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றவர், உடம்பு நோவுக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டவராகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே ஆளில் சேர்ந்து கிடக்கின்றன. கண்ணால் பிரித்தெடுக்க முடியாது. அதே மருந்தை அடித்து நோய் வராத பக்கத்து வளவுக்காரர் பேஸ்புக்கில் வந்து எழுதப்போவதும் இல்லை. உரத்தின் விஷயத்தில் பலன் ஒரு போகத்துக்குள் வந்துவிடுகிறது. நோய் பல வருடம் எடுத்து, ஆளுக்கு ஒரு முறைதான் வருகிறது. இங்கே அனுபவம் கேள்வியை எழுப்பலாம், பதிலைத் தராது. காரணம் முடிவாகும்வரை நல்ல தண்ணீர் கொடுக்கக் காத்திருக்கவேண்டும் என்பதல்ல இதன் பொருள். சுத்திகரித்த குடிநீருக்கு எந்த ஆராய்ச்சியும் முடியத் தேவையில்லை.

இன்றிரவு 12.30க்கும் 3.30க்கும் இடையில் கொஸ்மிக் கதிர் வருகிறது, நாசா சொன்னது, போனை அணையுங்கள் என்று வருடா வருடம் சுற்றும் செய்தியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பற்றி எவரும் சண்டை பிடிப்பதில்லை, அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

வெளிநாட்டுத் தலையீடு என்று வந்தால் நிலைமை முற்றிலும் வேறு. லிபியா, உக்ரேன், காசா, எது செய்தியில் வந்தாலும் வன்னியில் பத்தாவது பதிலுக்குள் அது முள்ளிவாய்க்காலுக்கு வந்துவிடும். வந்தே ஆகவேண்டும்.

2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள். போகவேண்டாம் என்று அலுவலக வாசலில் சனம் நின்றது, படமும் இருக்கிறது. "ஐ.நா. எங்களை விட்டிட்டுப் போனது" என்று அன்று அங்கே நின்ற ஒருவர் எழுதினால், அதை மறுக்க எவருக்கும் இடமில்லை. 2012இல் ஐ.நா.வே வெளியிட்ட உள்ளக மீளாய்வு, தன் அமைப்பு இலங்கையில் தன் பொறுப்பில் தவறியது என்று ஒப்புக்கொண்டது. இது முழுச் சாட்சி. சனம் நாலு வருடம் முன்பே சொன்னதை அறிக்கை பிறகு சொன்னது.

எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்வியில் சண்டை வேறு விதம். ஒருவர் 7,721 என்பார். இன்னொருவர் 40,000 என்பார். வேறொருவர் 146,679 என்பார். ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்பார். உண்மையில் இவை ஒரே கேள்விக்கான மூன்று விடைகள் இல்லை. 7,721 என்பது ஐ.நா.வின் இலங்கைக் குழு 2008 ஓகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை உள்ளிருந்து வந்த தகவல்களை வைத்து எண்ணியது. அதன் பிறகு எண்ண முடியாமல் போனது. ஆக மிகக் கொடிய கடைசி நாட்கள் அதில் இல்லை. 40,000 என்பது செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், நம்பத்தகுந்த வட்டாரங்களின் மதிப்பீட்டுப்படி அவ்வளவு வரை இருக்கக்கூடும் என்று சொன்னது. 2012 மீளாய்வு, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவல்களைச் சுட்டியது. 146,679 மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது. 2008 ஒக்டோபரில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380. மீதி எங்கே? அதுதான் ஆண்டகை கேட்டது. அது கணக்கில் வராதவர்களின் எண். இறந்தவர்களின் எண் என்று அவர் சொல்லவில்லை. அதே நேரத்தில், கணக்கில் வராதவர்களுக்கு என்ன நடந்தது என்று அரசாங்கம் இன்றுவரை ஆள்வாரியாகப் பதில் சொல்லவும் இல்லை.

இங்கே கண்ணால் கண்டவர்களின் சாட்சி பாதிதான். கடைசிப் போர் நடந்த மாத்தளன் கரையில் தன் பங்கருக்குப் பக்கத்தில் யார் யார் போனார்கள் என்பதை அவரைவிட எவரும் சரியாகச் சொல்ல முடியாது. முழுக் கடற்கரைக்கும் எண் சொல்ல அவராலும் முடியாது. முடியாததைச் சொல்ல வைத்து, பிறகு அதில் பிழை பிடித்து, கண்டதையே பொய் என்று நிறுவுவது இணையத்தில் பழகிப்போன ஒரு தந்திரம். அதில் அகப்படாமல் இருக்க, கண்டதை மட்டும் சொல்வதுதான் வழி.

அடுத்தது, உலகம் ஏன் வரவில்லை என்ற கேள்வி. இது பங்கருக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒன்று. அது நியூயோர்க்கிலும் ஜெனீவாவிலும் நடந்த கதை. 2005இல் உலகத் தலைவர்கள் கூடி, ஒரு அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் சர்வதேசம் கூட்டாகச் செயற்படலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் படையெடுக்கும் கட்டத்துக்குப் பாதுகாப்புச் சபையின் அனுமதி வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2009இல் அந்தச் சபை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவே இல்லை. ஓரமாகக் கூடிப் பேசியதோடு சரி. போர் முடிந்து ஒன்பதாம் நாள், மே 27இல், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் தீர்மானம் போட்டது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. ஆதரித்தவர்களில் இந்தியா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், கியூபா ஒன்றாக நின்றன. அமெரிக்க எதிர்ப்பை மட்டும் வைத்து உலகத்தை அளக்கும் தோழர்கள் இந்த வரிசையை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

மேற்கு வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. 2011 மார்ச்சில் லிபியாவுக்கு அனுமதி கிடைத்தது: ஆதரவு 10, இந்தியா உட்பட நடுநிலை 5. பெங்காசியைக் காக்கவென்று தொடங்கியது ஆட்சி மாற்றத்தில் முடிந்து, நாடு இரண்டு அரசாங்கங்களாகப் பிளந்து உள்நாட்டுப் போருக்குள் போனது. அதனால் பெங்காசியில் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்கு மதிப்பில்லை என்று ஆகாது. ஒரே தலையீட்டில் இரண்டும் நடந்தன.

இதற்கு லிபியாவரை போக வேண்டியதும் இல்லை. 1987 ஜூலை 29 உடன்படிக்கையோடு இந்தியப் படை காக்க என்று சொல்லித்தான் வந்தது. ஒக்டோபரில் புலிகளோடு போர் தொடங்கியது. அலம்பில், நித்திகைக்குளம் காடுகளில் நடந்தவற்றைக் கண்டவர்கள் முல்லைத்தீவில் இன்றும் இருக்கிறார்கள். 1990 மார்ச்சில் அது திரும்பிப் போனது. ஆக வன்னியில் ஒரே வீட்டில் இரண்டு சாட்சிகள்: வெளிநாட்டுப் படை வந்ததைக் கண்ட தாத்தா, வெளிநாட்டுப் படை வராததைக் கண்ட பேரன். அப்ப எங்கை இருந்தனீங்கள் என்ற கேள்விக்கு இருவரும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லலாம். தலையீடு வேண்டுமா வேண்டாமா என்பதில் இருவரும் எதிரெதிராக நிற்பார்கள். நடக்காத ஒன்று நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைக் கண்டவர் எவரும் இல்லை.

இந்தச் சண்டைகள் எல்லாம் ஒரே குழியில் வந்து சேர்ந்த இடம் மன்னார். 2018இல் நகரில் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டட வேலைக்கு மண் வெட்டும்போது மனித எலும்புகள் வந்தன. அகழ்ந்துபோக 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். நீதிமன்ற உத்தரவோடு ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: பல நூற்றாண்டுகள் பழையவை. அன்றிரவு பேஸ்புக் இரண்டாகப் பிளந்தது. "வெள்ளைக்காரனை விலைக்கு வாங்கிப்போட்டாங்கள்" என்று ஒரு பக்கம். "பாத்தீங்களோ, எல்லாம் புலிக்கதை" என்று மறுபக்கம்.

கார்பன் காலக்கணிப்பு நல்ல முறைதான். ஆய்வுகூடம் பொய் சொன்னது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. ஆனால் எலும்பின் வயதை அது சொல்கிறதே தவிர, முன்னூறு பேரும் ஒரே காலத்தவரா என்பதை ஆறு மாதிரிகளை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மண்ணின் எந்த அடுக்கிலிருந்து எடுத்தார்கள், குழியில் கிடைத்த மற்றப் பொருட்களின் வயது என்ன, பிற்காலத்தில் யாராவது அந்த மண்ணைக் கிளறினார்களா என்பவை தனித்தனிக் கேள்விகள். காணாமற்போனோரின் உறவுகள் சார்பில் இன்னும் மாதிரிகளைச் சோதிக்கும்படி கேட்டதில் விஞ்ஞானத்துக்கு எதிரான ஒன்றும் இல்லை. அது விஞ்ஞானிகள் தாங்களே கேட்கக்கூடிய கேள்வி.

2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு வெட்டும்போது இன்னொரு குழி வந்தது. 50க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். அங்கே எலும்புகளோடு பெண் போராளிகளின் சீருடைத் துணிகளும் கிடைத்தன. எந்தக் காலம் என்று கேட்க இந்த முறை புளோரிடாவுக்குப் போகத் தேவைப்படவில்லை. யாருடையவை என்பதற்குத்தான் இன்னும் விடை வேண்டும். அதற்கு எலும்பின் மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிட வேண்டும், உறவினர் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும், அதைப் பாதுகாப்பவர்கள் மீது அவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும்.